கடைசியில் நின்ற மூன்று சுவர்கள்: ஹைட்டி ஓவியமும் கைவிடப்பட்ட பிள்ளைகளும்

(நினைவுப் பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு தோழரை நினைவுகூரும் மேடையில் கடல் தாண்டிய ஒரு தீவைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

2010 ஜனவரி 12 அன்று மாலை ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. அதிபர் மாளிகை சரிந்தது. பள்ளிகள், மருத்துவமனைகள், குடிசைகள் எல்லாம் இடிந்தன. ஹோலி டிரினிட்டி என்ற எபிஸ்கோபல் தேவாலயமும் இடிந்தது. 1950-51ல் ஹைட்டி ஓவியர்கள் அதன் உட்சுவர்களில் விவிலியக் காட்சிகளைத் தீட்டியிருந்தார்கள். மொத்தம் 14 சுவரோவியங்கள். அவற்றில் 11 இடிபாட்டில் போயின. 3 மட்டும் நின்றன: ஃபிலோமே ஒபான் வரைந்த இறுதி இராவுணவு, பிரெஃபெத் துஃபோ வரைந்த ஊர்வலம், காஸ்தெரா பாசில் வரைந்த இயேசுவின் திருமுழுக்கு.

இந்த மூன்றாவது பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காஸ்தெரா பாசில் 1923ல் ழாக்மெல் என்ற தென்கரை ஊரில் பிறந்தவர். பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்து ஒரு அமெரிக்கரின் வீட்டில் வேலைக்காரப் பையனாக இருந்தார். அந்த வீட்டு முதலாளி நடத்திய கலை மையத்தில்தான் அவர் தூரிகையைத் தொட்டார். நாற்பத்தைந்து வயதைக்கூட எட்டாமல் 1960களின் நடுவில் இறந்துபோனார். அரசின் மாளிகை விழுந்த நாளில், வீட்டு வேலை செய்த ஒருவரின் கைபட்ட சுவர் நின்றது. இதை அதிசயம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சுவர் நிற்கும் என்பதை நிலநடுக்கம் யோசித்து முடிவு செய்வதில்லை. ஆனால் அந்தச் சுவரில் வேலைக்காரப் பையனின் கை எப்படிப் பட்டது என்பது வரலாற்றுக் கேள்வி. இன்றைய பொழிவு அந்தக் கேள்வியைப் பற்றியது.

1. கைவிடப்படுதலுக்கு ரசீது உண்டு

ஹைட்டி என்றாலே 'உலகின் ஏழை நாடுகளில் ஒன்று' என்று செய்தித்தாள்கள் எழுதும். ஏழ்மை என்பது மழைபோல வானத்திலிருந்து விழுந்ததாக நினைக்க வைக்கும் வாக்கியம் அது. அந்த ஏழ்மைக்குக் கணக்கு வழக்கு உண்டு. யார் எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், எந்த ஆண்டு எடுத்தார்கள் என்று எழுதப்பட்ட கணக்கு.

ஹைட்டி முன்பு சேன்-தொமேங் என்ற பிரெஞ்சுக் காலனி. சர்க்கரையும் காப்பியும் விளைந்த அந்தக் காலனியில் ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக உழைத்தார்கள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுப் போருக்குப் பிறகு நெப்போலியனின் படையை முறியடித்து, 1804 ஜனவரி 1 அன்று சுதந்திரத்தை அறிவித்தார்கள். அடிமைகள் கிளர்ந்து, வென்று, தங்களுக்கென ஒரு நாட்டையே அமைத்த நிகழ்வு உலக வரலாற்றில் இது ஒன்றுதான்.

1805ல் எழுதப்பட்ட அரசியலமைப்பில் ஒரு பிரிவு உண்டு. தோல் நிறம் எதுவானாலும் ஹைட்டியர் அனைவரும் இனி 'கறுப்பர்' என்ற ஒரே பெயரால் அறியப்படுவர் என்கிறது அது. அங்கேயே தங்கிவிட்ட போலந்துக்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் அந்தப் பெயர் பொருந்தியது. இழிவாகச் சூட்டப்பட்ட சொல்லை எடுத்துக் குடியுரிமையின் பெயராக்கிய துணிச்சல் இது. பெயரின் அரசியல் தெரிந்த இந்த அவைக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் துணிச்சலுக்குத் தண்டனை வந்தது. 1825ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பினார். சுதந்திரத்தை ஏற்க வேண்டுமானால் 15 கோடி பிராங்க் இழப்பீடு தர வேண்டும் என்றார். யாருக்கு இழப்பீடு? அடிமைகளை இழந்த பண்ணை முதலாளிகளுக்கு. விடுதலை பெற்றவர்கள் தங்கள் உடம்புக்கான விலையைத் தங்கள் பழைய எஜமானர்களிடம் கட்ட வேண்டியிருந்தது. முதல் தவணைக்காகப் பாரிஸ் வங்கியில் 3 கோடி கடன் வாங்கினார்கள். தரகும் கழிவும் போகக் கையில் வந்தது 2 கோடியே 40 லட்சம்தான். 1838ல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கடனும் அதன் வட்டியும் அதை அடைக்க வாங்கிய புதுக் கடனும் முழுவதுமாகத் தீர்ந்தது 1947ல்.

இடையில் 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே நாட்டையும் பிடித்தார்கள். 1915 முதல் 1934 வரை அமெரிக்க ஆக்கிரமிப்பு. கிராமத்து மக்களைப் பிடித்துவந்து கூலியில்லாமல் சாலை போட வைத்தார்கள். அடிமை முறையை ஒழித்த மண்ணில் அதே வேலை வேறு பெயரில் திரும்பியது.

கட்டப்படாத ஒவ்வொரு பள்ளியும், போடப்படாத ஒவ்வொரு குடிநீர்க் குழாயும் இந்தக் கணக்கின் மறுபக்கம். எனவே ஹைட்டியின் பிள்ளைகள் கைவிடப்பட்டார்கள் என்று சொல்லும்போது கூடவே ரசீதையும் காட்ட வேண்டும். ரசீது இல்லாத இரக்கம் யாருக்கும் பயன்படாது.

2. பயமுறுத்த எடுத்த படம்

ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கிராமத்து மக்களைத் திரட்டிப் போராடியவர் சார்ல்மாஞ் பெரால்ட். 1919ல் அமெரிக்கப் படையினர் அவரது முகாமுக்குள் மாறுவேடத்தில் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலை ஒரு கதவில் கட்டி நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பிரதி எடுத்து நாடெங்கும் பரப்பினார்கள். இனி எவனும் தலைதூக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

மக்கள் அந்தப் படத்தை வேறுமாதிரிப் பார்த்தார்கள். இடுப்பில் ஒரு துணி, சாய்ந்த தலை, பின்னால் கொடி. அவர்கள் கண்ணுக்கு அது சிலுவையில் அறையப்பட்ட இயேசு. வடக்கே காப்-ஐத்தியான் நகரத்தில் வாழ்ந்த ஃபிலோமே ஒபான் இந்தக் காட்சியைப் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப வரைந்தார். கதவில் பெரால்ட், பக்கத்தில் துக்க உடையில் அவரது தாய். தலைப்பிலேயே 'விடுதலைக்காகச் சிலுவையேறிய' என்று எழுதினார்.

கொன்றவர்கள் எடுத்த படத்தைக் கொல்லப்பட்டவரின் மக்கள் தங்கள் படமாக்கிக்கொண்டார்கள். ஹைட்டியில் ஓவியம் என்ன வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. தேவாலயத்தில் தப்பி நின்ற மூன்று சுவர்களில் ஒன்று இதே ஒபானுடையது.

3. பன்றிக்குழியில் ஒரு பதினைந்து வயதுப் பையன்

1941-42ல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு 'மூடநம்பிக்கை ஒழிப்பு' இயக்கம் ஒன்றை நடத்தியது. ஆப்பிரிக்க மூதாதையர் வழிவந்த வூடு சமயத்தின் கோயில்களை இடித்தார்கள், முரசுகளையும் வழிபாட்டுப் பொருள்களையும் குவித்து எரித்தார்கள். ஏழைகளின் தெய்வங்களைக் கொளுத்தினார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

அந்த நெருப்பு அணைந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 1944ல் டிவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் தலைநகரில் 'சாந்த்ர் தார்' என்ற கலை மையத்தைத் தொடங்கினார். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் அவர், நீர்வண்ண ஓவியரும்கூட. ஹைட்டிய எழுத்தாளர்களும் ஓவியர்களும் உடன் நின்றார்கள். படித்த நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்பது தொடக்க எண்ணம். ஆனால் கதவு திறந்ததும் உள்ளே வந்தவர்கள் வேறு ஆட்கள். செருப்புத் தைத்தவரும் வாடகைக் கார் ஓட்டியவருமான ரிகோ பெனுவா வந்தார். வீட்டு வேலை செய்த பாசில் வந்தார். வூடு பூசாரியான எக்டர் இப்போலித் வந்தார்.

இப்போலித்தைக் கண்டுபிடித்த கதை எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. மோன்ட்ருயி என்ற சாலையோர ஊரில் ஒரு மதுக்கடையின் கதவில் பூவும் பறவையும் வரைந்திருப்பதைப் பீட்டர்ஸ் காரில் போகும்போது பார்த்தாராம். வரைந்தவரைத் தேடிப் பிடித்தார்களாம். 'கண்டுபிடித்தார்கள்' என்ற சொல்லை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கொலம்பஸ் அந்தத் தீவைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். ஐம்பது வயதை நெருங்கிய ஒரு மனிதர், மரச்சாமான்களுக்குப் பூசும் வண்ணத்தைக் கோழி இறகால் தொட்டுத் தம் தெய்வங்களை வரைந்துகொண்டிருந்தார். அவர் தொலைந்துபோகவில்லை.

தலைநகருக்கு வந்த இப்போலித் 'பன்றிக்குழி' என்று பொருள்படும் பெயர்கொண்ட கடலோரச் சேரியில் குடியிருந்தார். ஏழைகள் வாழும் இடத்துக்கு விலங்கின் பெயர் வைப்பது எல்லா நாட்டிலும் இருக்கிறது போலும். அந்தச் சேரியில் வில்சன் பிகோ என்ற பையன் இருந்தான். 1931ல் பிறந்தவன். அவனது கைத்திறனைப் பார்த்த இப்போலித் 1946ல் அவனைக் கலை மையத்துக்குக் கூட்டிப் போனார். அப்போது அவனுக்கு 15 வயது.

இந்த நிகழ்வைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பிகோவைத் தூக்கிவிட்டது அமெரிக்கர் அல்ல, அரசு அல்ல, பள்ளி அல்ல. அதே சேரியில் வாழ்ந்த ஒரு மூத்தவர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைக் கவனித்தார். தன் தெய்வங்களை எரித்த நாட்டில், தானே நேற்றுத்தான் அந்தக் கதவுக்குள் நுழைந்தவர், நுழைந்த கையோடு ஒரு பையனையும் உள்ளே இழுத்துக்கொண்டார். இப்போலித் 1948ல் இறந்துவிட்டார். தலைநகரில் அவர் வரைந்த காலம் மூன்றே ஆண்டுகள்.

ஆயர் ஆல்ஃபிரட் வோகெலியின் அனுமதியோடு தேவாலயச் சுவர்களில் வரையும் பணி நடந்தபோது பிகோவுக்கு ஏறத்தாழ இருபது வயதுதான். அவருக்குக் கிடைத்தது கானா ஊர்த் திருமணக் காட்சி, தண்ணீர் திராட்சை மதுவான கதை. பிகோ பாலஸ்தீனத்தை வரையவில்லை. ஹைட்டிக் கிராமத்துக் கல்யாணத்தை வரைந்தார். முரசு அடிப்பவர்கள் இருந்தார்கள். பத்தாண்டுக்கு முன் திருச்சபை கொளுத்திய அதே முரசு, இப்போது தேவாலயச் சுவரில் கிறிஸ்துவின் முன்னால் ஒலித்தது. ஒரு திருச்சபை கொளுத்தியதற்கு இன்னொரு திருச்சபையின் சுவரில் ஒரு சேரிப் பையன் எழுதிய பதில் அது.

பிகோவின் பிற்கால வாழ்க்கை எளிதாக இல்லை. 1950களின் இறுதியில் மனநோய் அவரைத் தாக்கியது. உலக அருங்காட்சியகங்களில் படம் தொங்கிய ஓவியர் நகரத்தை விட்டு விலகி வாழ்ந்தார். 2010 ஜனவரியில் கானா ஊர்ச் சுவர் இடிந்தது. மார்ச்சில் பிகோ இறந்தார்.

4. 'ஆதி' என்ற பெயர்

1945 டிசம்பரில் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெதோன் ஹைட்டிக்கு வந்தார். கியூப ஓவியர் வில்ஃப்ரெடோ லாமும் உடன் இருந்தார். இப்போலித்தின் ஓவியங்களைப் பார்த்து வியந்து சிலவற்றை வாங்கிச் சென்றார் பிரெதோன். அதன் பிறகு உலகச் சந்தை வந்தது. சந்தையோடு ஒரு பெயரும் வந்தது. 'பிரிமிட்டிவ்', அதாவது ஆதி ஓவியர்கள். 'நாயீவ்', அதாவது வெகுளி ஓவியர்கள்.

இந்தப் பெயரைப் பாராட்டு என்று நினைத்தே சூட்டினார்கள். ஆனால் அதற்குள் ஒரு கட்டளை இருந்தது. நீ படிக்காதவனாகவே இரு, உன் கிராமத்தையும் உன் சாமியையும் மட்டும் வரை, யோசிக்காதே, மாறாதே. மாறினால் விலை போகாது. வெகுளி என்று அழைக்கப்பட்டவர்களில் ஒருவர்தான், கொல்லப்பட்ட போராளியின் அரசியல் படத்தைத் தலைகீழாகத் திருப்பிய ஒபான். அவரிடம் எந்த வெகுளித்தனத்தைக் கண்டார்கள்?

இந்தப் பெயரை ஹைட்டியரும் எதிர்த்தார்கள். 1950ல் ஓவியர் குழு ஒன்று கலை மையத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பைத் தொடங்கியது. சுற்றுலாப் பயணிக்குப் பிடித்த வண்ணக் கிராமத்தை மட்டும் வரைய மாட்டோம், பசியையும் சேரியையும் இருக்கிறபடி வரைவோம் என்பது அவர்களில் பலரின் நிலைப்பாடு. அந்தப் போக்குக்குக் 'கொடுமையின் யதார்த்தவாதம்' என்று பெயர் வந்தது. சமூகம் கைவிட்டவர்களை வரைவதே ஓவியரின் வேலை என்று வெளிப்படையாக அறிவித்த தலைமுறை அது.

இதற்கு முன்பே மாணவர்கள் வழிகாட்டியிருந்தார்கள். பிரெதோன் வந்த அதே நாட்களில் 'லா ரூஷ்', அதாவது தேன்கூடு, என்ற இதழை இளைஞர்கள் நடத்தினார்கள். ரெனே தெபெஸ்ட்ர், ழாக் ஸ்டீஃபன் அலெக்சி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அரசு இதழைத் தடை செய்தது. 1946 ஜனவரி 7 அன்று மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஊழியர்களும் கடைக்காரர்களும் சேர்ந்தார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் அதிபர் லெஸ்கோ பதவியிழந்தார். அந்த அவையில் ஒரு கவிஞன் பேசியதால் அரசு விழுந்தது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் பெருமையாக எழுதும். விழவைத்தது மாணவர்கள்.

5. சமையல்காரியும் மகனும்

இதுவரை ஆண்களின் பெயர்களையே சொல்லிவந்தேன். ஹைட்டி ஓவிய வரலாற்றின் குறை அது. நம் வரலாறுகளின் குறையும் அதுதான்.

1970களில் தலைநகருக்கு மேலே உள்ள மலைக்கிராமம் ஒன்றில் 'சேன் சொலேய்' என்ற கலைக் குழு உருவானது. ஓவியர் ழான்-குளோத் காருத்தும் மோத் ரொபாரும் அதைத் தொடங்கினார்கள். உழவர்கள் கையில் வண்ணத்தைக் கொடுத்தார்கள். அங்கே சமையல் வேலைக்கு இருந்தவர் லூயிசியான் சேன் ஃப்ளூரான். 1924ல் பிறந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில் வரையத் தொடங்கினார். தாய்களையும் பிள்ளைகளையும் வரைந்தார். நேருக்கு நேர் நம்மைப் பார்க்கும் முகங்கள், அருகருகே ஒட்டி நிற்கும் சிறுமிகள், புள்ளிகளால் நிறைந்த உடைகள். 1975ல் பிரெஞ்சு எழுத்தாளர் மால்ரோ அந்த மலைக்கு வந்து போன பிறகு உலகம் அவர்களைப் பற்றிப் பேசியது.

அவரது மகன் ஸ்டீவென்சன் மக்லுவார், 1963ல் பிறந்தவர். தாயின் பக்கத்தில் இருந்தே ஓவியரானார். ஆனால் அவரது படங்களில் தாயின் அமைதி இல்லை. கறுத்த தடித்த கோடுகள், பிளவுண்ட முகங்கள், விழித்த கண்கள். துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரத்தில் வளர்ந்த தலைமுறை அது. 1985 நவம்பரில் கோனாயீவ் நகரில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், 1986 பிப்ரவரியில் அந்தச் சர்வாதிகாரி நாட்டை விட்டு ஓடியதும், 1991ல் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர்களது இளமைக்காலம். 1994 அக்டோபரில் இராணுவ ஆட்சியின் கடைசி நாட்களில் மக்லுவார் கொல்லப்பட்டார். வயது 31. தாய் 2005 வரை வாழ்ந்தார்.

ஒரு சமையல்காரியின் வாழ்நாளிலேயே அவர் கையில் தூரிகை வந்தது; அந்தத் தூரிகையைக் கற்ற மகன் அவர் கண்முன் செத்தான். கலை விடுதலை தரும் என்று மேடையில் சொல்லும்போது இந்த வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6. கூடத் தங்கும் பிள்ளைகள்

ஹைட்டியின் கிரியோல் மொழியில் 'ரெஸ்தாவெக்' என்று ஒரு சொல் உண்டு. 'கூடத் தங்குபவர்' என்ற பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. கேட்க மென்மையாக இருக்கிறது. கிராமத்து ஏழைப் பெற்றோர் பிள்ளையை நகரத்து வீட்டில் விடுவார்கள். சோறு போட்டுப் படிக்க வைப்பார்கள் என்பது வாக்குறுதி. நடப்பது வேறு. விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமக்க வேண்டும், அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட வேண்டும், மிச்சத்தைத் தின்ன வேண்டும், அடி வாங்க வேண்டும். இப்படி லட்சக்கணக்கான பிள்ளைகள். பெரும்பாலும் சிறுமிகள். அடிமை முறையை முதலில் ஒழித்த நாட்டில் பிள்ளைகளின் அடிமைத்தனம் இன்னும் இருக்கிறது என்பதை ஹைட்டியின் மீதுள்ள அன்பினால் மறைக்கக் கூடாது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒடுக்குமுறை உண்டு என்பதை அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

அந்த வீடுகளிலிருந்து தப்பி ஓடும் பிள்ளைகள் தெருவுக்கு வருகிறார்கள். தெருப்பிள்ளைகளை நகரத்தார் 'கோக்கோரா' என்று வைவார்கள். பூச்சி புழுவைப்போல நினைத்துச் சொல்லும் சொல்.

இந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான் அடுத்த கதை நடந்தது. தலைநகரின் நடுவே கிராண்ட் ரூ என்று மக்கள் அழைக்கும் பெருவீதி. அதன் பின்சந்துகளில் பட்டறைகள், தகரக் குடிசைகள், பிரித்துப் போட்ட கார்கள். அமெரிக்கா பயன்படுத்தித் தூக்கியெறிந்த வண்டியும் துணியும் வந்து சேரும் இடம். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக மரப்பொம்மை செதுக்கிய குடும்பங்கள் இருந்தன. பயணிகள் வருவது நின்றபோது பிழைப்பும் நின்றது. 1990களின் இறுதியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் ஆந்த்ரே யூஜென், ழான் எரார் செலூர், கியோடோ என்ற மூன்று பேர் அந்தக் குப்பையை எடுத்துச் சிற்பம் செய்தார்கள். கார் உதிரிபாகம், டயர், கணினிப் பலகை, ஆணி, மரம், சில சிற்பங்களில் மனித மண்டையோடும்கூட. 'அத்திஸ் ரெசிஸ்தான்ஸ்', எதிர்ப்புக் கலைஞர்கள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இந்த முறை பெயரை வெளியார் வைக்கவில்லை.

2007ல் லிவர்பூல் அடிமைமுறை அருங்காட்சியகத்துக்காக இந்தச் சிற்பிகளும் தலைநகரின் சேரி இளைஞர்களும் சேர்ந்து 'விடுதலை!' என்ற சிற்பத்தைச் செய்தார்கள். அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்ட துறைமுக நகரத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. பழைய இரும்பில் செய்த அந்த உருவங்களைப் பார்க்கும் பிரிட்டிஷ் பிள்ளை, தன் நகரத்துக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியரைக் கேட்டாக வேண்டும்.

சந்துப் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பெரியவர்களின் பட்டறையில் கைவைத்துப் பழகி, தாங்களும் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் குழுவுக்குத் 'தி மூன் ரெசிஸ்தான்ஸ்' என்று பெயர். கிரியோல் மொழியில் குழந்தையைக் குறிக்கும் சொல் 'திமூன்'. 'மூன்' என்றால் மனிதர். 'தி' என்றால் சிறிய. குழந்தை என்றால் சிறு மனிதர். பூச்சி அல்ல, கூடத் தங்கும் ஆள் அல்ல. சிறு மனிதர்களின் எதிர்ப்பு.

கிராண்ட் ரூ சிற்பிகளின் படைப்புகள் வெளிநாடு போகும். படைத்தவர்களுக்கு விசா கிடைக்காது. சிற்பம் எல்லை தாண்டலாம், சிற்பி தாண்டக் கூடாது. அதனால் உலகத்தைத் தங்கள் சந்துக்கு அழைப்பது என்று முடிவு செய்தார்கள். 2009 டிசம்பரில் முதல் 'கெட்டோ பியன்னாலே' நடந்தது. பல நாட்டுக் கலைஞர்கள் வந்து அந்தப் பட்டறைகளில் தங்கள் வேலையைச் செய்து காட்டினார்கள். வந்தவர்கள் எல்லார் கையிலும் கேமரா. அவர்கள் சந்துப் பிள்ளைகளைப் படம் எடுத்தபடியே இருந்தார்கள்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் எண்ணெய் டப்பாவைக் கேமரா ஆக்கினார்கள். ஒரு குச்சியை மைக் ஆக்கினார்கள். 'தெலே கெட்டோ', சேரித் தொலைக்காட்சி என்று பெயர் வைத்து, வந்த வெளிநாட்டாரைப் பேட்டி எடுத்தார்கள். எங்களை ஏன் படம் எடுக்கிறீர்கள் என்ற கேள்வியை இதைவிட அழகாகக் கேட்க முடியாது. பிறகு உண்மைக் கேமராவே அவர்கள் கைக்கு வந்தது.

சில வாரங்களில் நிலநடுக்கம். அந்தக் கலைஞர்களில் ஒருவரான லூக்கோ இறந்தார். தெலே கெட்டோப் பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தங்கள் தெருவுக்குள் போனார்கள். உலகத் தொலைக்காட்சிகள் பிணக்குவியலைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தங்கள் அண்டை அயலாரிடம் பெயரைக் கேட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

7. கலை எதைச் செய்யும், எதைச் செய்யாது

கிராண்ட் ரூ கலைஞர்கள் 2011ல் வெனிஸ் பியன்னாலேவுக்குப் போனார்கள். ஹைட்டிக்கு அங்கே அரங்கு அமைந்தது அதுவே முதல்முறை. சரக்குக் கொள்கலன்களுக்குள் சிற்பங்களை வைத்தார்கள். 2022ல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் ஒரு தேவாலயத்தையே நிரப்பினார்கள். வெற்றிதான். ஆனால் சந்தில் குடிநீர் வந்ததா? வரவில்லை. வெளிநாட்டாரின் கண்ணில் சேரியே காட்சிப்பொருள் ஆகிவிடாதா என்ற விமர்சனம் பியன்னாலேவைச் சுற்றி எழுந்தது. நியாயமான விமர்சனம் அது. மேலும் முன்னணியில் நின்ற பெயர்கள் ஆண்களின் பெயர்களே.

2021 ஜூலையில் அதிபர் மொயீஸ் கொல்லப்பட்ட பிறகு தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் பிடிக்குள் போனது. அந்தக் குழுக்களில் இருப்பவர்களில் 30 முதல் 50 விழுக்காடு சிறுவர்கள் என்று யுனிசெஃப் 2024ல் கணித்தது. தூரிகையோ கேமராவோ வந்துசேராத கைக்குத் துப்பாக்கி வந்துசேர்கிறது. பிள்ளைகளை ஒரு நாடு கைவிட்டால் அவர்களை எடுத்துக்கொள்ள யாராவது தயாராக நிற்பார்கள்.

ஆகவே, கலை பசியைத் தீர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கலை கணக்கை எழுதிவைக்கும். யார் கைவிட்டார்கள் என்பதை, கைவிடப்பட்டவர் தன் கையால் எழுதிவைக்கும் கணக்கு அது. பயமுறுத்த எடுத்த படத்தை ஒபான் திருப்பி எழுதினார். எரித்த முரசைப் பிகோ சுவரில் எழுதினார். டப்பாக் கேமராவைப் பிள்ளைகள் நம் பக்கம் திருப்பினார்கள். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஹைட்டியின் ஏழ்மை வானத்திலிருந்து விழுந்தது என்று உலகம் சொல்லிவிட்டுப் போய்விடும்.

8. ஒரு கடிதம்

தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். ஹைட்டி மாணவர்கள் அதிபரை இறக்கிய அதே 1946ல், ஜூலை மாதம், அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் நிலையை ஐக்கிய நாடுகள் அவைக்கு முன் வைக்கும் மனுவைப் பற்றிக் கேட்டார். தீண்டாமைக்கு ஆளான மக்களின் சார்பில் தாமும் அப்படிச் செய்ய எண்ணுவதாகச் சொன்னார். டு பாய்ஸ் உடனே பதில் எழுதினார். அந்த டு பாய்ஸின் தந்தை பிறந்த மண் ஹைட்டி.

அம்பேத்கர் அந்தக் கடிதத்தில் ஆறுதல் கேட்கவில்லை. ஒரு மனுவின் பிரதியைக் கேட்டார். மற்றவர்கள் தங்கள் கணக்கை எப்படி எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். ஹைட்டியின் ஓவியங்களை நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தப்பி நின்ற மூன்று சுவரோவியங்களையும் நிபுணர்கள் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்துப் பாதுகாத்தார்கள். மீண்டும் ஒரு தேவாலயம் எழும்போது அவை அதில் இடம்பெற வேண்டும் என்பது எண்ணம். சுவரைக் காப்பாற்ற நிபுணர்கள் வேண்டும். ஆனால் அடுத்த பாசிலையும் அடுத்த பிகோவையும் கவனிக்க நிபுணர் தேவையில்லை. பன்றிக்குழியில் ஒரு பூசாரி பக்கத்து வீட்டுப் பையனின் கையைப் பிடித்து அழைத்துப்போனார். நம் இரவுப் பாடசாலைகளிலும் படிப்பு வட்டங்களிலும் மூத்த தோழர்கள் செய்துவந்ததும் அதுதான். இன்று நாம் நினைவுகூரும் தோழரும் அப்படியொருவர்.

ஹைட்டியில் ஒரு சொலவடை உண்டு: 'தூ மூன் சே மூன்'. எல்லா மனிதரும் மனிதரே. சிறு மனிதர்களும்தான்.